கூர்க்காவின் கிண்ணம்

அன்புத் தங்கச்சி யோகமலருக்கு அக்கா எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

இங்கே லண்டன் லூயிஷாமில் பக்கத்து வீட்டுக் கிழவர் பிரிட்டிஷ் கூர்க்காப் படையில் இருந்தவர். எண்பத்தேழில் இந்திய ஆமியோடு யாழ்ப்பாணத்துக்குள் வந்த கூர்க்காக்களை மறக்காததால் ஒரு வருடமாய் நான் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. நேற்று ஒரு கிண்ணம் பாயாசத்தோடு வந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைப் பேத்தி மிதுஷா எனக்குச் சொன்னாள்.

"அம்மம்மா, இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைச்ச நேரம் கூர்க்காப் படையை ரெண்டாப் பிரிச்சவையாம். பிறகு இவர் பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்தவர், அண்ணை இந்தியப் பக்கம். அண்ணை எண்பத்தேழில கொக்குவில்ல செத்தவராம். அந்த இடம் தெரியுமோ எண்டு கேக்கிறார்."

"தெரியாது எண்டு சொல்லு" என்றேன்.

நம் கொக்குவில் வீட்டு வேலியோரம் காயப்பட்டுத் தண்ணீர் கேட்டுக் கிடந்த கூர்க்காவுக்கு நாம் கதவு திறக்கவில்லையே, அவன்தானோ? கிண்ணத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடுக்கவும் ஏலாது, அதில் இனிப்பாய் வைக்க ஊர்ப் பனங்கட்டி அனுப்பு.

இதோ, இப்போது அவர்தான் கதவு தட்டுகிறார். மிதுஷாவும் வேலைக்குப் போய்விட்டாள்; திறப்பதென்றால் நான்தான்.

அக்கா