திரையில் ஓடும் வரி

மோர்க்குழம்பு மேடையில் இருக்கிறது. சாதம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் மாற்ற, ரிச்சி தெருவிலிருந்து ஃபராஸ் இன்று வருவான். நான் கோபாலபுரத்தில் அக்கா வீட்டில் இருப்பேன். கூட நின்று பார்க்க என்னால் முடியாது.

நம் ஸ்ரீநாத் எழுதிய வரி புதியதில் வராதா என்று நேற்று ஃபராஸிடம் கேட்டேன். “எல்லாம் புதுசா ஏத்தணும் ஆன்ட்டி. பழசு இப்பவே கத்திக்கினு கீது, அணைச்சா திரும்ப வராது” என்றான். நீங்களோ, “ராப்பகலா ஓட விட்டா எதுதான் தாங்கும்? அதே வரியை நான் அடிச்சுத் தரேன், போறுமா?” என்றீர்கள். என்மேல் இருக்கும் பிரியத்தில் சொன்னீர்கள், தெரியும். ஆனால் நீங்கள் அடித்தால் அது நீங்கள் எழுதியதாகிவிடும். வேண்டாம்.

தூசி தட்டுகிறேன் என்று நான் மௌஸை நகர்த்திவிடுவேன் என்றுதான், ‘அம்மா, தொடாதே’ என்று திரையில் ஓட விட்டிருந்தான். அவனுக்குக் காரியங்கள் முடிந்த நாளிலிருந்து தொடாமல்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபராஸுக்குக் காபி கொடுங்கள்.

இன்னொன்று. அணைக்கும் நேரத்தில் வரி பாதியில் இருந்தால், அது முழுக்க ஓடி முடிந்த பிறகு அணைக்கச் சொல்லுங்கள்.