என் பெண்ணுக்கு அவள் பால்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் ஒரு பாலாடை அளவுக்குக்கூட வரவில்லை. காலையிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரியில், பால் எடுக்கும் அறையில் உட்கார்ந்து மார்பு கன்றியதுதான் மிச்சம். பாப்பா உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள். எனக்கு பிரஷர் ஏறியதால் ஏழாம் மாதத்திலேயே எடுத்துவிட்டார்கள். காலில் 'நந்தினி குழந்தை' என்று பட்டை. அந்தப் பெயரைத் தவிர நான் அவளுக்குக் கொடுத்தது என்ன?

எதிர் நாற்காலியில் அக்தர் பானு. அவளும் ஆம்பூர்தான், எங்கள் ஷூ கம்பெனிக்கு அடுத்த தெரு. அவள் பையனும் குறைமாதம். ஒரு பாட்டில் நிறைந்ததும் இன்னொன்று கேட்கிறாள். கம்பெனி தையல் லைனில் என்னை முந்தினவள் கிடையாது. இங்கே நான்தான் கடைசி.

ஜூன் 5

மிஞ்சிய பாலை அவள் தொட்டியில் கொட்டினாள். ஃபிரிட்ஜில் இடம் இல்லையாம். பால் வங்கிக்கும் கொடுக்க மாட்டாளாம். பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிறு எரிந்தது.

ஜூன் 6

பவுடர் பால் ஒத்துக்கொள்ளவில்லை. பாப்பாவுக்கு வயிறு உப்பிவிட்டது. இனி தாய்ப்பால்தான் கொடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வங்கியில் இருப்பு இல்லை. பூர்ணிமா சிஸ்டர் தயங்கித் தயங்கி, "அக்தர் பானுகிட்ட கேக்கட்டுமா?" என்றார். ஏன், உலகத்தில் வேறு ஆளே இல்லையா?

ஜூன் 7

அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்கள்ல, என் பால குடிச்சா அது என் கொழந்த மாதிரி. யாரு குடிக்குதுன்னு தெரியாம குடுக்கக் கூடாது. அதான் பேங்குக்குக் குடுக்கல. உன் பொண்ணுன்னா தெரியும். என் பசங்களுக்குத் தங்கச்சி ஆய்டுவா. நாளைக்கு அவங்களுக்குள்ள கல்யாணம் மட்டும் கூடாது."

நான் எப்போது சம்பந்தம் பேசப் போனேன்? வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். என் கொழந்த மாதிரி — அதுதான் மனசில் நிற்கிறது. பெற்றது நான். கிழித்துத் தைத்த வயிறு என்னுடையது.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "கொழந்த பொழைக்கணுமா வேணாமா? இதுல இன்னா யோசன?" என்று வைத்துவிட்டார். அவருக்கென்ன. அவரிடமா பால் இல்லை?

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 9

அவள் ரத்தத்தைச் சோதித்து, பாலைச் சூடுபடுத்தி, டியூபில் கொடுத்தார்கள். ஒத்துக்கொண்டது. சந்தோஷம்தானே பட வேண்டும்? பட்டேன். பொய் சொல்லவில்லை. ஆனால் முழுசாகப் படவில்லை.

ஜூன் 14

எடை கூடியிருக்கிறது. "நம்ம பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்கிறாள். நம்ம!

எனக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தாள். "நீ சாப்டாத்தான் ஊறும் நந்தினி." வாங்கிக்கொண்டுபோய் வெளியே பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 18

அவளுக்குப் பால் வற்றிப்போனால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நினைக்க நன்றாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, பட்டினி கிடக்கப்போவது என் பெண். சீ, நான் என்ன ஜென்மம்?

ஜூன் 23

வந்துவிட்டது! பாலாடை நிறைய! சிஸ்டரிடம் ஓடினேன். "இத மொதல்ல குடுங்க. அவங்களது அப்புறம்."

"ரெண்டும் ஒரே வயித்துக்குத்தாம்மா போவுது."

போகட்டும். முதலில் என்னுடையது போகட்டும்.

ஜூலை 1

என் உடம்புச் சூடு படட்டும் என்று பாப்பாவை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்கள். யாரும் பக்கத்தில் வரவில்லை. நானும் அவளும் மட்டும்.

ஜூலை 4

அக்தர் பானுவின் பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவனுக்குப் பிறகு வந்த குழந்தைகூட வீட்டுக்குப் போய்விட்டது. எங்களுக்குத்தான் இன்னும் விடுதலை இல்லை. "தங்கச்சியப் பாத்துட்டுப் போறோம்" என்று பையனைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி ஓரம் வெகுநேரம் நின்றாள். ஐஸ் வைத்துப் பால் அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம். இப்ப என்னுதே போதும்."

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. சாயங்காலம் வரைக்கும்தான்.

ஜூலை 20

வீட்டுக்கு வந்தாச்சு. கொசுவலைக்குள் தூங்குகிறாள்.

ஆகஸ்ட் 6

பாப்பாவைக் காட்ட வேலூர் போயிருந்தோம். கண் நன்றாக இருக்கிறது, காது நன்றாக இருக்கிறது. பூர்ணிமா சிஸ்டர் தூக்கிக் கொஞ்சினார். பேச்சுவாக்கில், "அக்தர் பானு இப்ப குடியாத்தத்துக் கொழந்த ஒண்ணுக்குக் குடுக்குறாங்க. அவங்க வீட்டுக்காரர் ஐஸ்பெட்டியில கொண்டாந்து வெச்சிட்டுப் போறார். இன்னா மனசு பாருங்க" என்றார்.

ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ் ஏறியும் ஆறவில்லை. வீட்டுக்காரர் ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். இன்னொரு குழந்தையா? அதுவும் இத்தனை சீக்கிரமா? பள்ளிகொண்டா தாண்டியதும் பொறுக்க முடியாமல் அவளுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, குடியாத்தம் கொழந்தைக்குக் குடுக்குறீங்களாமே?"

"ஆமா. இன்னாத்துக்குக் கேக்குற?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா? என் பொண்ணுக்குக் கூடப்பொறந்ததுங்க யாரு யாருன்னு எனக்குத் தெரிய வேணாமா?"



"ஒரு தம்பி" என்றாள். "பேரு இன்னும் வெக்கல."