அம்மா போட்ட சத்தம்

டிசம்பர் 25, இரவு. ஹில்ஸ்பரோ.

கத்தோலிக்கக் குருவான பிறகு வீட்டில் எனக்கு இதுதான் முதல் நத்தார். காலைப் பூசையை என் பங்குக் கோயிலில் முடித்துவிட்டு விமானத்தில் வந்தேன். மங்கரே விமான நிலையத்தில் இறங்கியதும் அம்மா, "சுவாமி, வாங்கோ" என்று கும்பிட்டா. பெற்ற மகனை மரியாதையாலேயே தள்ளி வைக்கிறாவே என்று மனம் கனத்தது.

மத்தியானம் அடுப்பிலிருந்த இறைச்சிச் சட்டியை வெறுங்கையால் தூக்கப் போனேன்.

"டேய், கையை எடடா! சுடும்!" என்று கத்தினா. உடனே முகம் மாறி, "மன்னியுங்கோ சுவாமி" என்றா.

"கோயிலிலதான் சுவாமி. இங்கை உங்கட மகன், அம்மா."

துணியால் பிடித்துச் சட்டியை இறக்கி வைத்தா. பிறகு, "அப்ப இருந்து சாப்பிடடா" என்றா.

கறியில் உப்புக் கூடிப்போச்சு என்றேன்.

"உனக்கு எப்பவும் நொட்டைதான்."

சிரிப்பு வந்தது. இன்னொருக்கால் போட்டுச் சாப்பிட்டேன்.