செத்த மீன் இல்லாத குளம்

அனுப்புநர்:
சுஹைரா பாயிஸ்,
குளத்தடி வீதி,
குறிஞ்சாக்கேணி, கிண்ணியா.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
நீர்நிலைப் பரிசோதனைப் பிரிவு,
திருகோணமலை.

விடயம்: ஐஸ் ஆலைக் கழுவுநீரால் தாமரைக் குளத்து நீர்த்தெள்ளுகள் அழிதல் – மூன்றாவது முறைப்பாடு

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வீட்டு வளவில் எட்டுச் சீமெந்துத் தொட்டிகளில் அலங்கார மீன் வளர்ப்பவள். சண்டை மீன் குஞ்சுகள் ஆரம்பத்தில் அசையும் இரையை மட்டுமே தின்னும். மாத் தீனை ஏறெடுத்தும் பாரா. அந்த இரைதான் நீர்த்தெள்ளு. கடுகிலும் சிறியது, நீரில் துள்ளித் திரிவது. ஏழு வருடங்களாக வீட்டுக்குப் பின்னாலுள்ள தாமரைக் குளத்தில் பழைய சாரித் துணியால் வடித்து எடுத்து வந்தேன்.

2. கடந்த ஏப்ரல் முதல் ஐஸ் ஆலையின் அமோனியா கலந்த கழுவுநீர் வடிகான் வழியாகக் குளத்தில் விழுகிறது. மணம் கண்ணை எரிக்கும். முதலில் நீர்த்தெள்ளுகள் போயின. பின்னர் நத்தைகள் கரையேறி ஓட்டோடு காய்ந்தன. தொட்டியில் நீர்த்தெள்ளு வளர்க்கவும் பார்த்தேன். குளத்திலிருந்து கொண்டுவந்தவை இரண்டாம் நாளே செத்து அடியில் படிந்துவிட்டன.

3. முதல் முறைப்பாட்டுக்கு வந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். அவரது படிவத்தில் செத்த மீன்களின் எண்ணிக்கைக்கு மாத்திரமே கட்டம் இருந்தது. எந்த நீரையும் தாங்கும் திலாப்பியா மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தபடியால் ‘இல்லை’ என்று எழுதினார். நீர்த்தெள்ளைச் சொன்னேன். தெள்ளுச் செத்தால் நல்லதுதானே தங்கச்சி என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4. இரண்டாம் முறை காலை பத்து மணிக்கு அள்ளிய நீரில் குறை காணப்படவில்லை. ஐயா, காலையில் நானும் காணமாட்டேன். வெயிலேறி நீர் சூடான பிறகே நஞ்சு கடுமையாகிறது. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் வெள்ளைப் பீங்கானில் அள்ளிப் பார்த்தால் செத்த தெள்ளுகள் தெரியும். ஆனால் தங்கள் அலுவலக வாகனம் பன்னிரண்டு மணிக்குள் திரும்பவேண்டுமாம்.

5. இம்மனுவில் வேறெவரும் கையெழுத்திடவில்லை. கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். என் கணவர் பாயிஸும் இடவில்லை. அவர் கடலுக்குப் போவது அந்த ஆலை ஐஸோடுதான். அவரில் எனக்குக் கோபமில்லை. ஆலையை மூடும்படி நானும் கேட்கவில்லை. கழுவுநீரைக் குளத்துக்கு விடாமல் வேறு வழி செய்யச் சொன்னால் போதும்.

6. கடந்த வெள்ளிக்கிழமை பொரித்த குஞ்சுகள் அறுநூறளவில் தொட்டியில் இருக்கின்றன. பசியில் சுவரைக் கொத்துகின்றன. எனக்கு ஒன்றும் செய்ய ஏலாது, பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மனம் பொறுக்கவில்லை.

ஆகவே, ஒரேயொரு நாள் பின்னேரம் வந்து குளத்தைப் பார்க்குமாறு தங்களைத் தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். பீங்கான் என்னிடம் இருக்கிறது.

தங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
சுஹைரா பாயிஸ்
(கையொப்பம்)

இடம்: குறிஞ்சாக்கேணி
திகதி: 08.07.2025

இணைப்பு: போத்தல் ஒன்று. இன்று விடியற்காலை தாமரை இலைக்கடியில் அள்ளிய நீர்த்தெள்ளுகள் பதினொன்று, உயிருடன். குளம் முழுக்கத் தேடியும் இவ்வளவுதான் கிடைத்தன. குஞ்சுகளுக்குப் போடாமல் சாட்சிக்காகத் தங்களிடம் கொண்டுவந்துள்ளேன். மூடியைத் திறந்து வையுங்கள்.