பேக்கரின் முழங்கால்

மார்ச் 3, வியாழன், 1994
மழை. வுச்சீரியா சந்தையில் மீன், எலுமிச்சை. கிழவருக்கு முழங்கால் தைலம்.
அமெரிக்காவிலிருந்து கடிதம். கிழவர் சல்வத்தோரேக்கு வயது தொண்ணூற்றிரண்டு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது என் வேலை. இந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் நாங்கள் இருவரே. அவருக்குக் கண் போய்விட்டது. ஆக, வாசிப்பதும் நான்.
அமெரிக்கக் கால்பந்தைக் கூலிக்கு ஆடிய ஆரம்பகால ஆட்களைப் பட்டியல் போடுகிறார்களாம். 'பேக்கர் என்ற பெயரில் ஆடியவர் நீங்கள்தானா?'
நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். முடியவில்லை.

மார்ச் 4
வெயில். சூப் ஆறும்வரை கதை. சனிக்கிழமை கல்லூரிக்காக ஆட்டம், சொந்தப் பெயரில். ஞாயிறு ஓர் ஆலை நகரத்து அணிக்கு, பேக்கர் என்று. பிடிபட்டால் கல்லூரி வெளியே தள்ளிவிடும். தோல் தொப்பி, சேறு, மூன்று பருவம். பிறகு ஒருவன் முழங்கால் மேல் விழுந்தான். கப்பலில் இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு.
"எல்லாரும் பேக்கர், பேக்கர் என்று கத்துவார்கள். அப்பாவும் கூட்டத்தில் நின்றார். அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எந்தப் பெயரைக் கத்துவார்?"
மகள், சிஞ்ஞோரா, கதவில் நின்று: "மறுபடியும் பந்துக் கதையா? பொய். நீ ஊட்டு, கண்ணன்."
கண்ணன். என் பெர்மெஸ்ஸோவில், வதிவிட அனுமதியில், உள்ள பெயர். என்னுடையதல்ல.

மார்ச் 6, ஞாயிறு
கடிதத்தின் இரண்டாம் பக்கம்: சாட்சி ஒருவரின் கையெழுத்து, அவரது அடையாளப் பத்திரப் பிரதி வேண்டுமாம். மகள் மறுத்துவிட்டாள். "நீ போடு," என்கிறார் கிழவர்.
இரவு, வியா மக்வேதா தெருவில் என் அறை. அறை நண்பன் அன்ரனி, மன்னார்க்காரன், வெங்காயம் வெட்டிக்கொண்டே:
"உனக்கென்ன விசரே? களவுப் பேரிலை சாட்சி சொல்லப் போறியோ?"
"மனுசன் பாவமடா."
"ஓம், பாவம்தான். உன்னைப் பிளேன் ஏத்திவிட்டா கொழும்பிலை ஆர் வந்து நிப்பினம்? பேக்கரே?"
சிரித்தோம். நான்தான் அதிகம்.

மார்ச் 9, புதன்
கிழவர் பெயரில் பதில் எழுதினேன். நான்கு வரி. நீங்கள் தேடுபவர் நான் அல்ல. கால்பந்து ஆடியதே இல்லை. இனி எழுத வேண்டாம். நன்றி.
அவருக்கு வேறு மாதிரி வாசித்துக் காட்டினேன். விரலைப் பிடித்துத் தாளின் மேல் வைத்தேன். பேக்கர் என்று போடட்டுமா என்றார். வேண்டாம், சொந்தப் பெயர் போதும் என்றேன்.
மெதுவாக, அழகாகப் போட்டார்.
ஸ்தாசியோனே சென்ட்ராலே, மத்திய ரயில் நிலையம் பக்கம் தபாலில் சேர்த்தேன்.  

ஏப்ரல் 12, செவ்வாய்
காற்று. துணி காயவில்லை.
ஒரு மாதமாகக் காலையில் சவரம் கேட்கிறார். தபால்காரன் வருகிறானாம். இன்று வந்தான், அமெரிக்கக் கடிதத்தோடு.
பொய் ஒன்று தயாராக வைத்திருந்தேன். வேண்டியிருக்கவில்லை. உள்ளதையே வாசித்தேன்: வேறொரு குடும்பம் பேக்கர் தங்கள் தாத்தா என்று நிறுவிவிட்டது. அவர் இறந்து நாற்பது வருடம். பட்டியல் அச்சுக்குப் போகிறது.
அவர் முகம் வாடுவதைப் பார்ப்பதில் ஒரு ருசி இருந்தது. எழுதி வைக்கிறேன்.
மதியம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு:
"அப்படியென்றால் இந்த முழங்கால் யாருடையது?"
தைலம் தடவினேன். இன்னும் அழுத்தச் சொன்னார்.