திருப்பித் தந்த சேலை

1968 டிசம்பர் 14, சனி

நாளை சென்னையில் பாடவிருக்கும் ரஷ்ய ஓபரா பாடகி, மேடையில் கட்ட சேலை எடுக்க நெசவாளர் முனுசாமி வீட்டுக்கு வந்தார். எங்கள் பத்திரிகைக்காக அங்கேயே பேட்டி எடுத்தேன். பாட்டு கற்ற காலத்தில் பல வருடம் மூச்சுப் பயிற்சி மட்டும்தானாம். உச்ச ஸ்தாயியைத் தொடவே ஆசிரியை விடவில்லையாம்.

“இப்போது உச்ச ஸ்தாயி சுலபமாக வருகிறதா?” என்று கேட்டேன். தொண்டையில் கை வைத்தபடி நெடுநேரம் பேசினார். அவருடன் வந்திருந்த மொழிபெயர்ப்பாளர், “வருகிறது என்கிறார்” என்றார்.

“இன்னாபா, அந்தம்மா அவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்தாங்க, நீ ஒரே வார்த்தையில முடிச்சிட்ட!” என்றார் முனுசாமி. எல்லாரும் சிரித்தோம். பாடகி சிரிக்கவில்லை. ஆசையாக எடுத்து வைத்திருந்த அரக்குச் சேலையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மொழிபெயர்ப்பாளர் சொன்னதைத்தான் செய்தியில் எழுதியிருக்கிறேன். மேடைச் சேலையை அவர் திருப்பிக் கொடுத்ததையும் எழுதினால், குரல் போய்விட்டது என்பார்கள். சோவியத் அதிகாரிகள் இனி அவரை வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் இன்று நான் என் கண்ணால் பார்த்த உண்மை அந்தச் சேலை திரும்பியது ஒன்றுதான்.