நீளமான வணக்கம்

மார்ச் 3, செவ்வாய்

ஜெர்மன் வீடியோவில் இன்றும் வணக்கம் பாடம்தான். காலையில் குட்டன் மார்கன், பகலில் குட்டன் டாக், மாலையில் குட்டன் ஆபன்ட். டீச்சர் தெற்கு ஜெர்மனிக்காரர். அங்கே எந்நேரமும் 'க்ரூஸ் காட்' என்றால் போதுமாம், கடவுள் பெயரைச் சொல்லி வாழ்த்துவது. அப்பாடா, ஒன்றை வைத்துச் சமாளிக்கலாம். சொல்லிப் பார்க்கத்தான் ஆளில்லை. ஃப்ரிட்ஜிடம் சொன்னேன்.

நூலகத்தில் திங்கட்கிழமைதோறும் புதிதாக வந்தவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. போகட்டுமா என்று கேட்டால் இவர், "முதல்ல வீட்லயே கத்துக்கோ. அங்க போய் என் மானத்த வாங்காத" என்கிறார். இவர் இங்கே மூன்று வருடமாக இருக்கிறார். நான் வந்து ஐந்து மாதம். என்னத்தைப் பேச?

மார்ச் 5, வியாழன்

எங்கள் வாசல் கதவு சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் திருகக் கைப்பிடி கிடையாது. இருப்பது ஒரே சாவி; இவர் ஆபீஸுக்கு எடுத்துப் போய்விடுகிறார். ஆக, என்னை யாரும் அடைத்து வைக்கவில்லை. தாராளமாக வெளியே போகலாம். திரும்பி வரத்தான் முடியாது.

தங்கச்சி போனில் கேட்டாள், "ஊரெல்லாம் சுத்திப் பாத்தியாக்கா?"

"பாத்துட்டேதான்டி இருக்கேன்" என்றேன். ஜன்னலிலிருந்து என்பதைச் சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

சாயங்காலம் இவரோடு கடைக்குப் போனபோது படிக்கட்டில் கீழ்வீட்டுக்காரர் எதிரே வந்தார். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனசுக்குள் 'ட்ராம் அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறேன். "மொயின்" என்றார். மார்னிங் மாதிரி இருக்கிறதே, இந்த நேரத்திலா? நான் தூங்குமூஞ்சி என்று கிண்டலோ? அப்புறம் என்னையே பார்த்து மூச்சு விடாமல் பேசினார். இவர் "யா, யா" என்று தலையாட்டினார்.

"என்னங்க சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல. வணக்கம் சொல்றாங்க."

இவ்வளவு நீளமான வணக்கமா?

மார்ச் 11, புதன்

"இன்னொரு சாவி செய்யக் குடுத்தீங்களா?" "பாக்கலாம்."

மார்ச் 17, செவ்வாய்

 தூங்குவதற்குள் இன்றையதை எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் குப்பைப் பையை வெளியே வைக்கக் குனிந்தேன். காற்றடித்து டமாரென்று கதவு சாத்திக்கொண்டது. நான் நைட்டியில், ஒற்றைச் செருப்போடு. போன் உள்ளே. கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் கீழே இறங்கி ட்ராம் அக்கா கதவைத் தட்டி, தெரிந்த ஒன்றைச் சொன்னேன். "க்ரூஸ் காட்!"

அவர் மேலே கூரையைக் காட்டி, கடவுளுக்கு வணக்கம் வைப்பதுபோல் ஒரு சல்யூட் அடித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் மார்பைத் தட்டி, "மொயின்" என்றார். ஓ, இங்கே வடக்கில் பொழுதெல்லாம் அதுதானா! நானும் "மொயின்" என்றேன். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் காலுறை கொடுத்தார், காபி கொடுத்தார்.

நான் பூட்டைத் திருகுவதுபோல் காட்டி, ஒரு விரலை நீட்டினேன். ஒரே சாவி, இவரிடம் இருக்கிறது என்று. ட்ராம் அக்கா இல்லையென்று தலையை ஆட்டினார். தன் இரண்டு சாவிகளை எடுத்து மேஜையில் வைத்து, "ட்வே ஸ்லொட்டல்" என்றார். வீடியோவில் இரண்டுக்கு ட்ஸ்வை, சாவிக்கு ஷ்லூஸல். இந்த ஊர்ப் பேச்சில் இப்படி. எதிர்வீட்டைக் காட்டி "ட்வே". மாடியில் எங்கள் வீட்டைக் காட்டி "ட்வே". வீட்டு ஓனர் எல்லோருக்கும் இரண்டு சாவி கொடுப்பார் போல.

அப்படியானால் எங்கள் இரண்டாவது சாவி எங்கே?

ஆபீஸ் முடிந்து வந்த இவரைப் படிக்கட்டிலேயே கூப்பிட்டேன். ட்ராம் அக்கா இரண்டு கையையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு, சைகையே காட்டாமல், இவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதில் ட்வே இருந்தது, ஸ்லொட்டல் இருந்தது. இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "யா, யா. டாங்கே" என்றார், நன்றி வேறு. அக்கா நிறுத்தி நிதானமாக இன்னொரு தடவை கேட்டார். "யா, யா!"

மூணு வருஷம்! இந்த மனுஷனுக்கு ஒரு மண்ணும் புரியல!

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன். "ரெண்டு சாவி இருக்காமே?"

"எவ சொன்னா?"

"நீங்கதான். இப்பக் கீழ ரெண்டு தடவ சொன்னீங்களே."

திருதிருவென்று விழித்தார். "நீ தொலைச்சிடுவேன்னுதான்... ஒனக்குப் பாஷை தெரியாது, வெளிய போய் மாட்டிக்கிட்டா..." எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அஞ்சு மாசமா அந்த ஜன்னலே கதின்னு கெடந்தேனே! பாஷை எனக்கா தெரியாது?

கையை நீட்டிக்கொண்டே நின்றேன். ஷேவிங் டப்பாவுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார்.

மார்ச் 18, புதன்

 பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டுத் தெருமுனை வரை போய் வந்தேன். ரொட்டிக்கடைக்காரரிடம் மொயின். தபால்காரரிடம் மொயின். ஒரு நாயிடமும் சொன்னேன்.

மார்ச் 22, ஞாயிறு

படிக்கட்டில் ட்ராம் அக்கா. இவர் எனக்குப் பின்னால் ஒரு படி தள்ளியே நின்றுகொண்டார். அக்கா கடகடவென்று பேசினார். முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் நாளை, ஒன்பது மணி, நூலகம், நாம் இரண்டு பேர் — இவ்வளவும் புரிந்தது. "யா" என்றேன். ஒரே ஒரு தடவை.

தெருவுக்கு வந்ததும் இவர் மெதுவாகக் கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. வணக்கம் சொன்னாங்க."